பெட்டி மூட முதல் ஒரு நிமிடம்

செத்த வீட்டை லைவில் போடுவதும் ஒரு தொழிலா என்று என் மனைவி சுலோஜனா கேட்பாள். தொழில்தான். திருகோணமலையில் பாதித் தாய்மாருக்குப் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கிறார்கள். தாய் செத்தால் அங்கே இருந்துகொண்டு போனைப் பார்த்துத்தான் அழவேண்டும். அதற்கு இங்கே ஒருத்தன் படம் பிடிக்கவேண்டும். உட்துறைமுக வீதியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் சுகிர்தன் என்கிற நான்தான் அந்த ஒருத்தன். கல்யாணத்துக்கு வேறு ஆள் பிடிக்கிற சனம்கூட செத்த வீட்டுக்கு என்னைத்தான் தேடிவரும். சும்மா சொல்லக்கூடாது, என் கை ஆடாது. எங்கே கிட்டப் போகவேண்டும், எங்கே விலகவேண்டும் என்று எனக்குத் தெரியும். இந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

உப்புவெளி மரியம்மா போன மாதம் இறந்துபோனார். நாலு வருடம் படுக்கையில் கிடந்தவர். பார்த்தது மகள் றொஷானி. விடிய எழும்பிக் கடற்கரை விடுதியொன்றில் அறைகளைக் கூட்டித் துடைப்பாள். மத்தியானம் சைக்கிளில் ஓடிவந்து தாயைக் கழுவி, சோறு தீத்திவிட்டுத் திரும்ப ஓடுவாள். மகன் டிலுக்ஷன் பதின்மூன்று வருடமாகப் பாரிஸில் ஒரு றெஸ்டோறண்ட் குசினியில் வேலை. அவனுக்கு அங்கே இருக்கவும் ஊருக்கு வந்துபோகவும் விசா கிடைத்து ஐந்து வருடம் என்று கோயில் பங்குச் சனம் முழுக்கத் தெரியும். அப்போது மரியம்மா நடமாடித் திரிந்தார். பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று ஒவ்வொருத்தராகப் பிடித்துச் சொன்னது அவர்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் நத்தார்ப் பண்டிகைக்கு மகன் வருவான் என்று அறையைக் கழுவுவித்து, புதுப் படுக்கை விரிப்புப் போடுவித்தார். அவன் வரவில்லை. மூன்றாவது நத்தாரோடு றொஷானி, வீட்டில் இருந்த ஒரே போனில் அவனுடைய நம்பரை புளொக் பண்ணிவிட்டாள்.

அடக்கத்துக்கு முதல்நாள் அவன் எனக்குக் கோல் எடுத்தான். எனக்கு அவன்மேல் ஏற்கெனவே கடுப்பு. என் வாய் சும்மா இருக்குமா? தாய் செத்தும் வரமுடியாத அளவுக்கு அங்கே என்ன வெட்டி விழுத்துகிற வேலை என்று கேட்டேவிட்டேன்.

"எனக்கு விசா இல்லை, அண்ணை. ஒருநாளும் இருந்ததில்லை. அகதிக் கேஸ் மூண்டு தரம் றிஜெக்ட். அம்மா நெடுகக் கேக்க, ஒருநாள் ஏலாமல் கிடைச்சிட்டெண்டு சொல்லிப்போட்டன். அவ பட்ட சந்தோசத்தைப் பாத்த பிறகு மாத்திச் சொல்ல வாய் வரேல்ல."

அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். பெட்டி மூட முதல் ஒரு நிமிடம் என் போனைத் தாயின் காதில் வைக்கவேண்டும்.

"வர மனமில்லாமல் நான் நிக்கேல்ல எண்டு அவவிட்டச் சொல்லவேணும். அவ அப்பிடி நினைச்சுக்கொண்டு மண்ணுக்குள்ள போகக்கூடாது. அக்காட்ட மட்டும் சொல்லாதேங்கோ, எனக்கு வெக்கமாக் கிடக்கு."

ஓம் தம்பி, அது என் பொறுப்பு என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. என்னிடம் இருப்பது ஒரே போன், லைவும் அதில்தான். லைவ் ஓடும்போது கோல் வந்தால் எல்லாம் அறுந்துபோகும், கனடாக்காரர் கத்துவார்கள். அதனால் தொடங்கும்போதே கோல் ஒன்றும் வராதபடி அடைத்துவிடுவேன். டிலுக்ஷனிடம் இதை விளங்கப்படுத்தினேன். பெட்டி மூட ஆள் வந்ததும் லைவை நிற்பாட்டுவேன், கோலைத் திறந்துவிடுவேன், அந்த நேரம் அவன் எடுக்கவேண்டும். அங்கே பகல் சாப்பாட்டு நேரம், குசினியில் மூச்சுவிட நேரமிருக்காது. குளிர் அறைக்குள் போய் நின்று எடுப்பதாகச் சொன்னான்.

மறுநாள் மூன்று மணிக்கே முற்றம் நிறைந்துவிட்டது. வெயில் தகரப் பந்தலைத் தாண்டி இறங்கியது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் லைவில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். றொஷானி தாயின் தலைமாட்டில் கதிரை போட்டு இருந்தாள். மூன்று நாளாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சனம் அதைப் பற்றித்தான் குசுகுசுத்தது. கல்நெஞ்சுக்காரி என்றுகூட ஒருத்தி சொன்னாள். அப்படிச் சொன்னவளை நேரே பார்த்து, நாலு வருடம் கழுவித் துடைத்தது நீயா என்று கேட்க எனக்கு வாய் துருதுருத்தது. லைவ் ஓடியதால் பேசாமல் இருந்தேன்.

ஃபாதர் செபம் முடித்தார். பெட்டி கொண்டுவந்த மலர்ச்சாலை ஆட்கள் இரண்டு பேர் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் நிற்பாட்டும் இடத்தில் விரலை வைத்தேன். சத்தியமாக வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து றொஷானி உடைந்தாள். கதிரையைத் தள்ளிவிட்டுத் தாயின் மார்பில் விழுந்து, மூன்று நாள் அழுகையையும் சேர்த்து அழுதாள். தாயின் கையில் சுற்றியிருந்த செபமாலை அவள் தலைமயிரில் சிக்கிக்கொண்டது. முற்றமே எழுந்து நின்றது. இருபது வருடத் தொழிலில் இப்படி ஒரு காட்சி எனக்கு வாய்த்ததில்லை. பத்துச் செக்கன் என்று நினைத்தேன். பத்தே பத்துச் செக்கன். கிட்டப் போனேன். பிறகு இன்னும் கிட்டப் போனேன். ஃபாதருக்கு ஐந்தரைக்குக் கப்பல்துறையில் இன்னொரு அடக்கம் என்று யாரோ அவசரப்படுத்தினார்கள். இரண்டு பெண்கள் றொஷானியைத் தோளில் பிடித்து எழுப்பினார்கள். மூடியை வைத்தார்கள். நாலு மூலைக்கும் திருகாணி முறுக்கினார்கள். பாவி நான், அதையும் படம் பிடித்தேன்.

அதற்குப் பிறகுதான் விரல் நிற்பாட்டியது. திரையைப் பார்த்தேன். மெழுகுதிரிப் படங்களுக்கும் ஆத்மா சாந்தியடையட்டும்களுக்கும் இடையில் டிலுக்ஷன் எழுதியிருந்தான். அண்ணை லைவை நிப்பாட்டுங்கோ. அண்ணை கோல் போகுதில்லை. அண்ணை மூடுறாங்கள். கடைசியில் வெறும் அண்ணை. அதற்குக் கீழே யாரோ ஒருவர் அழுகைப் பொம்மை போட்டிருந்தார்.

கோயில் வாசலில் பெட்டியை இறக்கியபோது றொஷானியைப் பிடித்தேன். பூசைக்கு முதல் ஒருக்கால் பெட்டியைத் திறக்கச் சொல், தம்பி ஒரு நிமிடம் கதைக்கவேண்டுமாம் என்று கெஞ்சினேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"விசா இருக்கு, பிளேன் இருக்கு. வராதவன் போனில என்னத்தைக் கதைக்கப்போறான்? விடுங்கோ சுகிர்தன் அண்ணை."

அவனுக்கு விசா இல்லை என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். பெட்டி திறந்திருக்கும். சொல்லாதேங்கோ என்று அவன் கேட்டதால்தான் வாயை மூடினேன் என்று அன்றைக்கு எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். விசாவைச் சொன்னால், போனை ஏன் வீட்டிலேயே காதில் வைக்கவில்லை என்று அவள் கேட்பாள். நீ அழுத அழகைப் படம் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று அவ்வளவு சனத்துக்கு நடுவே எப்படிச் சொல்ல? ஐந்து மணிக்கு மரியம்மாவைச் சேமக்காலையில் இறக்கி மண் போட்டார்கள். நானும் ஒரு பிடி போட்டேன்.

அன்று பின்னேரம் டிலுக்ஷனுக்குக் கோல் எடுத்தேன். லைன் அறுந்துவிட்டது என்று சொல்லவும் வழியில்லை. ஓடிக்கொண்டிருந்ததை அவன் முழுக்கப் பார்த்தவன். ஏசுவான் என்று காத்திருந்தேன்.

"அக்கா அழுததை நல்லா எடுத்திருக்கிறியள், அண்ணை," என்றான்.

செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். விடியச் சேமக்காலைக்குப் போய்ப் போனைக் குழியின்மேல் வைக்கிறேன், அதிலாவது சொல்லு என்று உளறினேன். சரி என்றான்.

காலையில் போனபோது, ஊருக்குள் திரிகிற மான்கள் எனக்கு முதல் வந்துவிட்டிருந்தன. மலர்வளையங்களைத் தின்று தீர்த்து, கம்பியையும் றிபனையும் மட்டும் மிச்சம் விட்டிருந்தன. நான் அவற்றை விரட்டவில்லை. கோல் எடுத்து, சத்தத்தைக் கூட்டி, தலைப்பக்கத்து மண்ணில் போனை வைத்துவிட்டு மதிலோரம் விலகி நின்றேன். விலகினாலும் கேட்கத்தான் செய்தது.

"அம்மா, நான் டிலுக்ஷன். எனக்கு விசா கிடைக்கேல்ல அம்மா. அது நான் சொன்ன பொய். கிடைச்சிருந்தா அடுத்த பிளேனிலேயே வந்திருப்பன்."

அதற்குமேல் அவனால் முடியவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது. போனை எடுக்கத் திரும்பினேன். குழியின் கால்மாட்டில் றொஷானி நின்றாள், கையில் மெழுகுதிரிப் பெட்டியோடு. எப்போது வந்தாள் என்று தெரியாது. முகத்தைப் பார்த்தேன்; எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அண்ணை, அம்மாக்குக் கேட்டிருக்குமோ?" என்றது போன்.

அவளிடம் நீட்டினேன். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். கேட்டிருக்கும் தம்பி என்று நானே சொன்னேன். அவன் வைத்துவிட்டான்.

அவனிடம் கதைத்திருக்கலாமே பிள்ளை என்றேன். அவள் மண்ணில் குந்தினாள். தாயின் குழியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவன் எனக்குப் பிள்ளையில்லை எண்டு சொல்லிக்கொண்டுதான் அம்மா கண்ணை மூடினவ. அவ முதல் அப்பிடிச் சொல்லேல்ல, அண்ணை. அவன் வருவான், வருவான் எண்டுதான் கிடந்தவ. சோறு தீத்தக்குள்ள, உடுப்பு மாத்தக்குள்ள, அவன் உன்னை மறந்திட்டான் எண்டு நான்தான் நாலு வருசமாச் சொல்லிச் சொல்லி அவவை நம்பப்பண்ணினனான்."

மெழுகுதிரிப் பெட்டி கையில் நசுங்கியதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"இதை அவனிட்டச் சொல்லிப்போடாதேங்கோ," என்றாள்.

சொல்லமாட்டேன் என்றேன்.