நாய் இல்லாமல் ஒரு மாதம்

நாய்க் காப்பகத்து அக்கா யாருக்கும் சுலபத்தில் நாயைத் தூக்கிக் கொடுத்துவிட மாட்டாள். பெண் கொடுக்கிறவர்கள்கூட அத்தனை கேள்வி கேட்க மாட்டார்கள். வீட்டில் யார் எத்தனை மணிக்குக் கிளம்புவார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று குடைந்து குடைந்து கேட்டாள். மனைவிக்குப் பீங்கான் பல் செய்யும் லேபில் வேலை, போய்ச் சேரவே பஸ்ஸில் ஒரு மணி நேரம், கணவனுக்கு டைல்ஸ் கடையில் வேலை என்பதையெல்லாம் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"ரெண்டு பேரும் காலைல போனா சாயங்காலம்தான் வருவீங்க. அதுவரைக்கும் இவ என்ன பண்ணுவா? சுவரைப் பாத்துட்டு உக்காந்திருப்பாளா?"

இவ என்றால் மடக்கு. பழுப்பு நிறப் பெண் நாய். ஒரு காது விறைப்பாக நிற்கும், மற்றது பாதியில் மடிந்து தொங்கும். அதற்குள் மடக்கு மனைவியின் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்துவிட்டது. காலை அசைக்க இவளுக்கு மனமில்லை.

"என் கடை வீட்ல இருந்து பன்னெண்டு நிமிஷ நடைதான்," என்றான் கணவன். "மதியம் ஒரு மணிக்கு நான் வந்துடுவேன். வெளியே கூட்டிட்டுப் போயி, தண்ணி மாத்தி வச்சுட்டுத் திரும்பிப் போயிடுவேன். அதெல்லாம் ஒரு விஷயமாக்கா?"

"இவளை ரெண்டு குடும்பம் கூட்டிட்டுப் போச்சு தம்பி. ரெண்டும் இதையேதான் சொல்லுச்சு, ரெண்டும் திருப்பிக் கொண்டாந்து விட்டுச்சு. ஒண்ணு பண்ணுங்க. ஒரு மாசம் நாய் இல்லாம நாய் வளத்துப் பாருங்க. காலைல, மதியம், சாயங்காலம் வெறுங்கயிறோட நடந்து, தண்ணி மாத்தி வைங்க. ஒவ்வொரு தடவையும் செஞ்சு முடிச்சு ஒரு தாள்ல டிக் போடுங்க. நாலு வாரம் கழிச்சு அந்தத் தாளோட வாங்க. முடியலைன்னா முடியலைன்னு சொல்லிடுங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன். மூணாவது தடவை திரும்பி வந்தா இவ தாங்க மாட்டா."

வேறு யாராவதாக இருந்தால் வெளியே வந்ததும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். இவள் சிரிக்கவில்லை. இவள் செய்கிற வேலை அப்படி. பல் ஒரு மயிரிழை பிசகினால் முன்பின் தெரியாத யாரோ ஒருவருக்கு வாய் மூடாது. அன்றைக்கே ஒரு கயிறும் எவர்சில்வர் கிண்ணமும் வாங்கிவந்தாள். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, தாளை ஃபிரிட்ஜில் ஒட்டினாள்.

மறுநாளிலிருந்து காலை ஐந்தரைக்கு வெறும் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவைச் சுற்றினாள். மழை பெய்தால் குடையோடு சுற்றினாள். மரத்தடியில் நின்றாள், நாய் இருந்தால் நிற்கும் அல்லவா. பால் வண்டிக்காரர் இரண்டு நாள் ஒரு மாதிரியாகப் பார்த்தார், மூன்றாம் நாள் வண்டியை எதிர்ப்பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் கால் இரண்டும் கெஞ்சும். ஆனாலும் செருப்பைக் கழற்றாமலே கயிற்றை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். மடக்கு வரப்போகிறது என்ற ஒரே நினைப்பு அவளை இழுத்துக்கொண்டு போனது.

மதியக் கட்டம் கணவனுடையது. தினமும் ஒன்று இருபதுக்கு, போய்விட்டு வந்தாயிற்று என்று அவனிடமிருந்து மெசேஜ் வரும். கூடவே ஒரு கதையும் வரும். அவன் கதை சொன்னால் கல்லும் சிரிக்கும், அதனால்தான் கடையில் டைல்ஸ் விற்கிறது. பெரும்பாலும் அபார்ட்மென்ட் வாட்ச்மேனைப் பற்றிய கதைதான். வெறும் கயிற்றைப் பார்த்து வாட்ச்மேன், "நாய் எங்க சார்?" என்று கேட்டாராம். "அது முன்னாடி போயிடுச்சு," என்றானாம் இவன். அடுத்த நாள் வாட்ச்மேன், "சார், இன்னைக்குக் குலைக்கவே இல்லையே, உடம்பு சரியில்லையா?" என்றாராம்.

லேபில் இவள் அதைப் படித்துக் காட்டுவாள். பக்கத்து மேஜையில் மெழுகில் பல் அடுக்குகிற அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். "நாயே இல்லாம தினமும் மதியம் வீட்டுக்கு ஓடுற ஆம்பளை! நீ குடுத்து வச்சவம்மா," என்பார். இவளுக்குப் பெருமை பிடிபடாது. காலையில் கிளம்பும்போது வாட்ச்மேனைப் பார்த்துத் தனியாக ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போவாள். அந்த மனிதரும் எதற்கென்று தெரியாமல் பதிலுக்குச் சிரித்துவைப்பார்.

நான்காவது வாரம், புதன்கிழமை. பல்லைச் சுடுகிற மின் அடுப்பு பழுதாகி, எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பதினொன்றரைக்கே வீட்டுக்கு வந்தவளுக்கு ஒரு குறும்பு தோன்றியது. கணவன் ஒரு மணிக்குக் கதவைத் திறப்பான். கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து குரைத்தால் எப்படி இருக்கும்? செருப்பை உள்ளே எடுத்து ஒளித்துவைத்தாள். குரைத்துப் பழகினாள். முதலில் இருமல் மாதிரி வந்தது, போகப்போகச் சுமாராக வந்தது. பன்னிரண்டே முக்காலுக்கெல்லாம் கதவுக்குப் பின்னால் தரையில், தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

மணி ஒன்று அடித்தது. மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது, மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அது மேல்வீட்டுக்குப் போய்விட்டது. இன்னொன்று கேட்டது. அது கூரியர்காரர், எதிர்வீட்டு மணியை அடித்தார். வீட்டில் யாருமில்லாதபோது இந்தப் படிக்கட்டில் இத்தனை கால் நடக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் முதுகை நிமிர்த்தினாள், ஒவ்வொரு தடவையும் தளர்ந்தாள். ஒன்று பத்து. ஒன்று பதினைந்து. பாவம், கடையில் கூட்டமாக இருக்கும்.

ஒன்று இருபதுக்குப் போன் அதிர்ந்தது.

"ட்யூட்டி முடிஞ்சுது. தண்ணி மாத்தியாச்சு. வாட்ச்மேன் இன்னைக்கு, 'நாய் ரொம்ப இளைச்சுப் போச்சே சார், நல்லாச் சாப்பாடு போடுங்க'ன்னாரு."

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள். காலையில் அவள் ஊற்றிய தண்ணீர்தான். அதில் ஓர் எறும்பு மிதந்துகொண்டிருந்தது.

இன்றைக்கு ஒரு நாள் மட்டும் வர முடியாமல் போயிருக்கும், தனக்கு வருத்தமாக இருக்குமே என்று ஏதோ எழுதியிருப்பான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கீழே போனாள். வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"அண்ணே, மதியம் எங்க வீட்டுக்காரர் கயிறு எடுத்துட்டு வருவாரே..."

"சாரா? கயிறு எடுத்துட்டா?" அவர் நெற்றியைச் சுருக்கினார். "சார் பகல்ல வர்றதில்லையேம்மா. போன மாசக் கடைசில ரெண்டு நாள் வந்தாரு. அதுக்கப்புறம் சாயங்காலம்தான்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அழுகைகூட வரவில்லை, வெட்கமாக இருந்தது. லேபில் தான் படித்துக் காட்டிய ஒவ்வொரு கதையும், தினமும் காலையில் இந்த மனிதரைப் பார்த்துச் சிரித்த ஒவ்வொரு சிரிப்பும் முகத்தில் அறைந்தன.

சாயங்காலம் கணவன் வந்தான். பேனாவை எடுத்தான், மதியக் கட்டத்தில் அழகாக ஒரு டிக் போட்டான்.

"ஏங்க, மதியம் வந்தீங்களா?"

"வராம? மெசேஜ் பாக்கலையா?"

"நான் வீட்லதான் இருந்தேன்."

பேனா மூடியை அவன் மூன்று தடவை போட்டுக் கழற்றினான். பிறகு சப்பைக்கட்டுக் கட்டினான். "நாயே இல்லையேம்மா. காலி வீட்டுக்கு வந்து கிண்ணத்துல தண்ணி மாத்துறது எனக்கே பைத்தியக்காரத்தனமா இருந்துச்சு. நாய் வந்துட்டா வர மாட்டேனா? நீ ஆசையாக் கேட்டியேன்னுதான்..."

"வரலைன்னு சொல்லியிருந்தா ஒரு வார்த்தையோட போயிருக்கும். தினமும் உக்காந்து யோசிச்சுக் கதை எழுதியிருக்கீங்க. அதைப் படிச்சுட்டு நான் ஊரெல்லாம் உங்களைத் தலைல தூக்கி வச்சு ஆடியிருக்கேன்."

இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. வெள்ளிக்கிழமை அவனே இறங்கிவந்தான். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். காப்பகத்து அக்காவிடம் அவன் வாயாலேயே உண்மையைச் சொல்லி, இன்னும் ஒரு மாதம் கேட்க வேண்டும். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சரியென்றான். அவள் நம்பினாள். நம்பாவிட்டால் மடக்கு இல்லை.

சனிக்கிழமை அவர்களைப் பார்த்ததும் மடக்கு எழுந்து ஓடிவந்தது. நேராக இவளிடம் வந்து, பாதத்தின் மேல் தாடையை வைத்தது. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை மேலிருந்து கீழாகப் படித்தாள்.

"மதியம் ஒரு நாள்கூட விடலையா தம்பி? இத்தனை வருஷத்துல நான் யாரையும் இப்படிப் பாத்ததில்ல."

இவள் கணவனைப் பார்த்தாள். சொல்லு, இப்போது சொல்லு.

அவன் முகம் மலர்ந்தது. "அட, எங்க வாட்ச்மேன் பண்ண கூத்தைக் கேளுங்கக்கா..." என்று ஆரம்பித்தான்.

அக்கா சிரித்துக்கொண்டே மடக்கின் கழுத்துப் பட்டையில் புதுக் கயிற்றை மாட்டி, மறுமுனையை இவள் கையில் கொடுத்தாள். கயிறு கனமாக இருந்தது. நான்கு வாரம் வெறும் கயிறு பிடித்த கைக்கு அந்தக் கனம் எப்படி இருந்தது என்று இவளுக்குத்தான் தெரியும். வாயைத் திறக்காமல் நடந்தால் போதும், பத்தடியில் கேட். பிறகு தினமும் மதியம் அந்தக் கதவுக்குப் பின்னால் மடக்கு உட்கார்ந்து, ஒவ்வொரு காலடிக்கும் ஒற்றைக் காதை நிமிர்த்தும். ஒன்று இருபதுக்கு இவளுக்கு மெசேஜ் வரும்.

"அக்கா," என்றாள். "மதியத்து டிக் எல்லாம் பொய். இவளை எங்களுக்குக் குடுக்காதீங்க."

கயிற்றை அவளே கழற்றினாள். கேட்டைச் சாத்தும்போது மடக்கு பின்னாலேயே வந்து, கம்பிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்தது. தெருமுனை வரைக்கும் அழுதுகொண்டே நடந்தாள்.

"மூணாவது மனுஷிகிட்ட என்னைக் காட்டிக் குடுத்துட்டியே," என்றான் கணவன், பஸ்ஸில். நிஜமாகவே அவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

திங்கட்கிழமை ஒன்று இருபதுக்கு லேபில் போன் அதிர்ந்தது. "நிஜமாவே வீட்டுக்கு வந்தேன். கிண்ணத்தைக் கழுவிக் கவுத்து வச்சிருக்கேன்." மெழுகு அண்ணன், "இன்னைக்கு என்னம்மா கதை?" என்று ஆவலாகத் திரும்பினார். அவள் போனைப் பைக்குள் போட்டுவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே போய்ப் பார்த்தாள். கிண்ணம் கவிழ்ந்துதான் இருந்தது. ஆனால் காலையில் அவளுக்குப் பிறகு வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவன் அவன்தான். குனிந்து தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. மதியம் வந்து கழுவியதா, காலையிலேயே கவிழ்த்துவிட்டுப் போனதா என்று கிண்ணத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.