டேனியலின் கல்

கருங்கல்லைத் தண்ணீர் விட்டுக் கழுவியதும் சுகாசினிக்குத் தெரிந்துவிட்டது. ‘டேனியல்’ என்ற பெயரில் ‘னி’யின் சுழி ஒரு பக்கமாக நசுங்கியிருந்தது. மற்ற எழுத்துகள், கீழே இருந்த தேதிகள், சிலுவை எல்லாம் இம்மி பிசகாமல் இருந்தன.

மறுநாள் கல்லறைத் திருநாள். டேனியல் போன பிறகு வரும் முதல் திருநாள். காலையில் கல்லை எடுத்துப்போக அவர் மகள் ஷாரோன் வண்டி சொல்லிவிட்டாள்.

ஓரிக்கை சாலைக் கொட்டகையில் எழுத்து வெட்டும் மெஷினை ஓட்டுகிறவன் சுகாசினியின் கணவன் ராமராஜன். கரண்டு ஏறி இறங்கியிருக்கும் என்றான். கேட்காமலேயே, தான் எதையும் தொடவில்லை என்றும் சொன்னான்.

அவள் சுழியை விரலால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

போன வருஷம் வரை மெஷினில் இருந்தது ஸ்டெப்பர் மோட்டார். இத்தனை அடி வை என்றால் வைக்கும். போய்ச் சேர்ந்தோமா என்று பார்க்கத் தெரியாது. கல் கெட்டியான இடத்தில் அடி தவறினாலும், தவறாத மாதிரியே மேலே வெட்டிக்கொண்டு போகும். ஒரு எழுத்தில் பிசகினால் பின்னால் வருவதெல்லாம் மொத்தமாகத் தள்ளிப்போகும். அப்படி ஒரு கல் வீணான பிறகுதான் சர்வோ மோட்டார் போட்டே ஆக வேண்டுமென்று அவள் பிடிவாதம் பிடித்தாள். அதன் முதுகில் இருக்கும் என்கோடர் என்ற கருவி, மோட்டார் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். பின்தங்கினால் மோட்டார் முட்டித் தள்ளிக்கொண்டு சரியான இடத்துக்கு வந்துவிடும். நாம் வைத்த வரம்பையும் தாண்டிப் பின்தங்கினால் மெஷின் நின்று அலாரம் அடிக்கும்.

இங்கே கெட்டது ஒரே ஒரு சுழி. அடுத்த எழுத்து தன் இடத்தில் இருந்தது. அப்படியென்றால் பிசகியது மெஷினுக்குத் தெரியும். தெரிந்தும் நிற்கவில்லை.

எழுந்துபோய்த் திரையில் வரம்பைப் பார்த்தாள். கன்னாபின்னாவென்று கூட்டி வைத்திருந்தது. அந்தக் கொட்டகையில் இருப்பதே இரண்டு பேர்.

“நீங்கதான மாத்துனீங்க?”

ராமராஜன் தரையில் ஓடிய சாம்பல் நிறத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“மெஷினு நிக்கிறப்பல்லாம் இன்னா பண்றதுன்னு எங்கிட்டதாம்மா கேக்குது,” என்றான். “எனக்குத் தெரியல. பழசு எதையும் கேக்காது. அதான் நிக்காம இருக்கட்டும்னு கூட்டி வச்சேன்.”

இப்போதும் பொய் சொல்லியிருந்தால் திட்டியிருக்கலாம். பக்கத்தில் வேலை செய்தும் இத்தனை மாதமாக அவன் திணறுவது தன் கண்ணில் படவில்லையே என்று அவளுக்கு இருந்தது.

சுழியில் பசை அடைத்துத் தங்கப் பெயின்ட் விட்டால் யாருக்கும் தெரியாது என்றான் அவன். உண்மைதான், தெரியாது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. இந்த ஒன்றை மறைத்துக் கொடுத்துவிட்டால், நாளைக்கு மெஷின் நிற்கும்போது அவன் மறுபடி வரம்பைக் கூட்டுவான். அவளும் பெயின்ட் டப்பாவைத் திறப்பாள்.

ஷாரோனுக்குப் போன் போட்டாள். எழுத்து கெட்டுவிட்டது, தப்பு எங்களுடையது, வேறு கல்லில் வெட்டித்தர இரண்டு நாளாகும் என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

“ஊர்லேர்ந்து எல்லாரும் வந்துட்டாங்கக்கா,” என்றாள் ஷாரோன். “வெறும் மண்ணுலயா மெழுகுவத்தி ஏத்தறது?”

சுகாசினி போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, மூடியிருந்த பெயின்ட் டப்பாவைப் பார்த்தாள். ராமராஜன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.