கோழித் தலை பார்த்த திசை

1971-ஆம் வருஷக் கடைசியில், ஹாங்காங்கின் சான் போ கோங் பகுதியில் பிளாஸ்டிக் பூ ஆலை நடத்திய முதலாளி ஔயெங்கின் உயரம் பதினெட்டு அடி. ஏழு வருஷத்துக்கு முன் அவரும் எல்லோரையும் போல ஐந்தரை அடிதான். வளர்த்துவிட்டவள் இதழ் ஒட்டும் பிரிவின் மேற்பார்வையாளர் மாக் யுக்-ஹா. அவள் ஒரு முறை புகழ்ந்தால் அவர் ஒரு நூல் உயர்வார். அவர் முகக் களையைச் சொன்னாள், கையெழுத்தைச் சொன்னாள், தும்மலைக்கூடச் சொன்னாள். அவருக்காக மேல்தளத்தை உடைத்துத் திறந்துவிட்டார்கள்.

காக்காய் பிடிப்பவர்களை அந்த ஊரில் செருப்புத் துடைக்கிறவர்கள் என்பார்கள். "இன்னைக்கு எந்தக் காலுடி, இடதா வலதா?" என்று சாப்பாட்டு நேரத்தில் அதே பிரிவில் வேலை செய்த லோ அக்கா கேட்பாள். பூ வார்க்கும் அச்சு இயந்திரத்தில் இரண்டு விரல்களைப் பறிகொடுத்த யுக்-ஹாவின் தங்கை யுக்-பிங்குக்கு அங்கே வேலை நிலைத்தது அந்தத் துடைப்பால்தான். தங்கைக்குப் புருஷன் இல்லை, இரண்டு குழந்தைகள்.

சீன வருஷக் கடைசி விருந்தில் முழுக்கோழியின் தலை யாரைப் பார்க்கிறதோ, அவருக்குப் புது வருஷத்தில் வேலை இல்லை. யாரையும் அனுப்பாத வருஷம் முதலாளி அதைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். அந்த வருஷம் அவர் கழுத்துக்குக் குனிவதே மறந்துபோயிருந்தது. பரிமாறியவன் அவசரத்தில் வைத்துப்போன தட்டில் கோழி யுக்-பிங்கைப் பார்த்தது.

தட்டைத் தொட முதலாளிக்கு மட்டுமே உரிமை. யுக்-ஹா நாற்காலி மேல் ஏறி நின்றாள்.

"முதலாளி, கோழியைத் திருப்புங்க. அது என் தங்கச்சி."

அவருக்குக் கேட்கவில்லை. அந்த உயரத்துக்குப் புகழ்ச்சி மட்டுமே ஏறிப் பழகியிருந்தது. உங்கள் மனசு தங்கம் என்று ஆரம்பித்துப் பார்த்தாள். அது கேட்டது. அவர் சிரித்தார், ஒரு நூல் வளர்ந்தார். கோழியைப் பற்றிச் சொன்னது கீழேயே நின்றுவிட்டது.

யுக்-பிங் சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தாள்.

"விடுக்கா. நீ வளர்த்த ஆளுதானே. குனியச் சொல்லிக் குடுத்தியா?"

புது வருஷத்தின் எட்டாம் நாள் ஆலை திறந்தது. யுக்-பிங்கின் முக்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். யுக்-ஹாவுக்கும் வீட்டில் மூன்று பிள்ளைகள். முதலாளி உள்ளே வந்ததும், விடுமுறையில் உங்களுக்குப் பத்து வயது குறைந்துவிட்டது என்றாள். அவர் வளர்ந்தார். இரண்டு பேர் ஏணியோடு வந்து, அவர் தலையில் இடிக்காமலிருக்க மின்விசிறியைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.