லென் கிடைத்துவிட்டான்

எட்னா பர்கிஸ் கைப்பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. குன்றின் மேலிருந்த அந்த வெள்ளைக் கல் முற்றத்தில், எப்போதும் உட்காரும் பெஞ்சில், மோரீன் சாண்ட்விச் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, பைக்குள்ள புதையலா? இப்படிக் கட்டிப் பிடிச்சுக்கிட்டிருக்க?"

"ஒண்ணுமில்ல. இந்த வருஷமாவது வெள்ளரிக்காய்ல உப்பு போட்டியா?"

"போட்டாலும் குத்தம், போடலைன்னாலும் குத்தம் உனக்கு."

நாற்பது வருஷமாக இதே பேச்சுதான். உலகப் போரில் மாண்டு, கல்லறை இன்னதென்று தெரியாமல் போன விமானப்படைக்காரர்களுக்காகப் பெயர் பொறித்த இந்தச் சுவர்களைத் திறந்துவைத்த அன்று, கூட்டத்தில் இருவரும் இடித்துக்கொண்டு ஒரே கல்லின் முன் நின்றார்கள். எட்னாவின் விரல் பர்கிஸ் என்ற பெயரில் இருந்தது. மோரீனின் விரல் சற்றுக் கீழே, க்வேல் என்ற பெயரில். பேச்சுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது, இரண்டு அண்ணன்மாரும் போனது ஒரே விமானத்தில். லென் வால்பக்கத் துப்பாக்கிக்காரன், டக்ளஸ் வயர்லெஸ்காரன். அதிலிருந்து மே மாதம் பிறந்தால் ரெடிங்கிலிருந்து ஒருத்தியும் குராய்டனிலிருந்து ஒருத்தியும் பஸ் ஏறிவிடுவார்கள். மோரீனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்தன. கணவனும் போய்ச் சேர்ந்தான். எட்னா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றாள். அண்ணன்மார் இருவருக்கும் மட்டும் இன்னும் இருபத்தொரு வயது. சொல்லிச் சொல்லி கதைகளெல்லாம் கலந்துவிட்டன. பாதிரியார் வீட்டு பிளம் மரத்திலிருந்து விழுந்தது லென்னா டக்ளஸா என்று மோரீன் மாற்றிச் சொன்னாலும் எட்னா திருத்துவதில்லை.

இந்த ஒரு நாளைக் கெடுக்கத்தான் வந்திருக்கிறோம் என்று எட்னாவுக்குத் தோன்றியது. தேநீர் ஆறிப்போனபின், விமானப்படையிலிருந்து வந்திருந்த கடிதத்தைப் பைக்குள்ளிருந்து எடுத்தாள்.

"மோரீன், லென் கிடைச்சுட்டான்."

மோரீன் மெல்லுவதை நிறுத்தினாள்.

"ஹாலந்துல ஒரு ஏரியில சேறு அள்ளுனாங்களாம். விமானத்தோட வால் துண்டு மட்டும் வந்திருக்கு. உள்ள அவன். கால்ல காலுறை அப்படியே இருக்காம். சாம்பல் கலர் காலுறையில, பச்சை நூல்ல ஒட்டுப் போட்ட குதிகால். நான்தான் தைச்சேன், எனக்கு அப்போ பதினஞ்சு. வேற நூல் கிடைக்கலை. அத எழுதியிருந்தாங்க, படிச்சதும்…"

"மத்தவங்க?"

"வால் துண்டு மட்டும்தான்."

மோரீன் எழுந்து சுவரருகே போனாள். பர்கிஸ் என்ற பெயரின் மேல் விரல் வைத்தாள்.

"இந்தப் பேரை எடுத்துருவாங்களா?"

"கல்லறை வந்துட்டா, இங்க தேவையில்லைன்னு எழுதியிருக்காங்க. என்னிக்காவது எடுப்பாங்க."

"இத்தனை வருஷம் உனக்கும் ஒண்ணுமில்ல, எனக்கும் ஒண்ணுமில்ல. சரிக்குச் சரியா இருந்தோம்." மோரீன் திரும்பினாள். "சந்தோஷப்படணும்னு தெரியுது எட்னா. வரமாட்டேங்குது."

"எனக்கும்தான் வரலை."

அடக்கம் செப்டம்பரில், கூட வருகிறாயா என்று கேட்கத்தான் எட்னா வாயெடுத்தாள். மோரீன் பொட்டலத்தை மடிக்கத் தொடங்கிவிட்டாள்.

குன்றிறங்கும்போது மோரீனுக்கு முழங்கால் வலி. ஆனாலும் எட்னாவின் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்றபோது மழை தூறியது; எட்னா குடையை விரித்தாள். கீழே தேம்ஸ் ஆற்றோரப் புல்வெளியில் மாடுகள் தலை தூக்காமல் மேய்ந்துகொண்டிருந்தன.

"அந்த ஏரி ரொம்ப ஆழமா?" என்றாள் மோரீன்.

"இல்லையாம். காத்தடிக்கிற நாள்ல சேறு கலங்கி மேல வருமாம்."

மோரீன் தலையாட்டினாள். வளைவில் பஸ் தெரிந்தது. இருவரில் யாரும் கை காட்டவில்லை. ஓட்டுநர் ஒரு கணம் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டு, தண்ணீரைத் தெளித்தபடி கடந்து போனார். ஈரமான சாலையின் இந்தப் பக்கம், ஒரே குடையின் கீழ், இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள்.