புகையில்லாத தணல்

சாவித்ரிக்கு ஏன் மண்டை பிளக்கிறது என்பதைத் தவிர, அந்த வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

ஐப்பசி அடைமழை. கோச்சடை முழுவதும் வைகைப் பக்கத்து ஈரக்காற்று. பெற்றவள் உடம்பில் காற்றுப் பட்டால் ஜன்னி வரும் என்று அத்தை ஜகதாம்பாள் சொல்லிவிட்டாள். அம்மா இல்லாத வீட்டில் அத்தை சொன்னதுதான் சட்டம். பிரசவித்த சாவித்ரியையும் பச்சைக் குழந்தையையும் ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்தி, கட்டில் பக்கத்தில் சட்டி நிறையக் கரித் தணல் வைத்தாயிற்று.

அப்பா சாம்பசிவம் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான வாத்தியார். அந்த மேதையும் தன் பங்குக்கு, ஜன்னல் இடுக்கெல்லாம் மைதாப் பசை தடவிப் பழைய பேப்பரை ஒட்டினார். "புகை பிள்ளைக்கு ஆகாதுக்கா. கரி நல்லாக் கனிஞ்சு, புகை அடங்கினப்புறம் உள்ள வைங்க" என்று விஞ்ஞானத்தையும் கொஞ்சம் தூவினார். அக்காவை எதிர்க்காமலே அறிவாளியாகவும் இருந்துவிட்டதில் அவருக்குப் பரம திருப்தி.

அறைக்குள் படுத்தால் சாவித்ரிக்குத் தலை கனக்கும், குமட்டும். கொல்லையில் குளிக்கப் போனால் எல்லாம் விட்டுப்போகும். திரும்பி வந்து படுத்தால் பழைய கதைதான்.

"பச்ச உடம்பு அப்படித்தான் இருக்கும்டி. மொகத்தைப் பாரு, எம்புட்டுச் செவப்பு" என்றாள் அத்தை. "பிள்ளையும் சமத்து. நேத்துல இருந்து அழவே இல்ல."

அப்பாவிடம் சொன்னாள். தீட்டு என்பதால் அவர் கதவுக்கு அந்தப் பக்கமே நின்று, "ரத்தசோகைம்மா, கீரை சாப்பிடு" என்றார். முகத்தைக்கூடப் பார்க்காமல் வைத்தியம் சொல்ல அவரால்தான் முடியும்.

அன்று சாயங்காலம் பிள்ளை பாலுக்கு வாய் திறக்கவில்லை. கன்னத்தைத் தட்டினாள், உள்ளங்காலைச் சுண்டினாள். அத்தை மெச்சிய சமத்துப் பிள்ளை நனைந்த துணியாகக் கையில் தொங்கியது. அத்தையைக் கூப்பிட வாயெடுத்தாள், நாக்கு குழறியது.

சுவருக்கு அந்தப் பக்கம் கூடத்தில் டியூஷன். அப்பாவின் குரல் கணீரென்று கேட்டது.

"எழுதிக்கோங்கடா. கார்பன் மோனாக்சைடு. நிறமற்றது, மணமற்றது. போதிய காற்று இல்லாத அறையில் கரி எரிந்தால் உண்டாகும். இரத்தத்தில் ஆக்சிஜன் சேர வேண்டிய இடத்தை இது பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், மயக்கம், மரணம். அடிக்கோடு போடுங்கடா, பரீட்சையில கட்டாயம் வரும்."

அந்த மயக்கத்திலும் சாவித்ரிக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வயிறு எரிந்தது. மகளும் பேரனும் செத்துக்கொண்டிருக்கிற வீட்டில் மனுஷர் மரணத்துக்கு அடிக்கோடு போடச் சொல்கிறார்.

எழுந்தாள். கால் நிற்கவில்லை. பிள்ளையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு தவழ்ந்தாள். மழையில் ஊறிப் பருத்த கதவு வர மறுத்தது. இருந்த வெறியையெல்லாம் சேர்த்து இழுத்துத் திறந்து, கூடத்தில் வந்து விழுந்தாள்.

சாம்பசிவம் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். "என்னம்மா இது, தீட்டோட கூடத்துக்கு வாரே. பையங்க இருக்காங்க."

"நீங்க இப்பச் சொன்னது எங்க ரூமுக்குள்ள இருக்குப்பா. பிள்ளை கண்ணத் திறக்கல."

அவர் அறை வாசலுக்குப் போனார். தலையை மட்டும் உள்ளே நீட்டி, மூக்கால் ஆழமாக இழுத்துப் பார்த்தார்.

"ஒரு வாசனையும் இல்லையேம்மா" என்றார்.

சாவித்ரி சுவரைப் பிடித்துக்கொண்டே தெருவாசலுக்குப் போய்ப் படியில் உட்கார்ந்து, பிள்ளையின் முகத்தைக் காற்றுக்குக் காட்டினாள். தெருவே பார்த்தது. அடுக்களையிலிருந்து ஓடிவந்த அத்தை முந்தானையைப் பிடித்து இழுத்தாள். சாவித்ரி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

சாரல் அடித்தது. பிள்ளை அசையவில்லை. சாவித்ரி அதன் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் கழித்து அதன் வாய் கோணியது. மூச்சை இழுத்து வீறிட்டு அழுதது.

"பாத்தியா" என்றாள் ஜகதாம்பாள். "காத்துப் பட்ட உடனே பிள்ளை அழ ஆரம்பிச்சிருச்சு."

"அழட்டும் அத்தை" என்றாள் சாவித்ரி. "நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். ரிக்ஷா கூப்பிடச் சொல்லுங்க."