முன்ஸிரின் கணக்கு பூட்டிக்கொள்கிறது

ரிஹாப் துக்கம் கேட்க வருபவர்களுக்கான சர்க்கரை போடாத காபியைக் கெண்டியில் ஊற்றிக்கொண்டிருந்தபோது ஹைதம் மறுபடி அழைத்தான். இர்பித் நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன். அவள் அண்ணன் முன்ஸிரும் அங்கேதான் வேலை பார்த்தான். மாரடைப்பில் அவன் போய் இன்றோடு மூன்றாம் நாள்.

“மன்னிச்சுக்க தங்கச்சி. மறுபடியும் பூட்டிக்கிச்சு.”

டயாலிசிஸ் நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்குவது முன்ஸிரின் வேலை. யார், எப்போது, எந்த நம்பர் எல்லாம் அவனுடைய கம்ப்யூட்டர் கணக்குக்குள் இருந்தன. இன்று இரண்டு மெஷின் ஓடவில்லை; நேரத்தை மாற்றிச் சொல்லியாக வேண்டும். ஹைதம் புதுப் பாஸ்வேர்டு போட்டுத் திறப்பான். கொஞ்ச நேரத்தில் கணக்கு தானாகப் பூட்டிக்கொள்ளும்.

“ஏதோ ஒரு போன்ல பழைய பாஸ்வேர்டு கிடக்கு. அது பாட்டுக்கு அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்குது. இங்க தப்புன்னு பூட்டிடுது. உயிரோட இருந்தப்பவே பாஸ்வேர்டை மறந்துட்டு என் உயிரை எடுப்பான். இப்பவும் விட மாட்டேங்கிறான் பாரு.”

சிரிக்கப் பார்த்தான். அவளும் பார்த்தாள்.

“அவன் போனை அன்னிக்கே அணைச்சாச்சே.”

“இது வேற. பேர் காட்டுது. ‘யாபா’ன்னு போட்டிருக்கான்.”

அப்பாவை அவர்கள் கூப்பிடுவது அப்படித்தான். கெண்டியைக் கீழே வைத்தாள்.

அப்பா ஆண்கள் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். துக்கம் கேட்பவர்கள் இன்னும் வரவில்லை. மடியில் போன்.

“யாபா, இதுல அண்ணன் என்ன வெச்சுக் குடுத்தான்?”

“அவனோட ஷிப்டு. ‘எப்ப வருவே, எப்ப வருவே’ன்னு போன் பண்ணி அறுக்கிறேனாம். ‘இதுல பார்த்துக்க கிழவா’ன்னுட்டான்.” கட்டம் கட்டமாக இந்த மாதம் முழுக்கக் காட்டினார். “இன்னிக்குக் காலை ஷிப்டு. ரெண்டு நாளா மேல ஒரு வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. ஏதோ வரப்போவுதுன்னு பார்த்துக்கிட்டிருக்கேன்.”

ரிஹாப் விஷயத்தைச் சொன்னாள். அண்ணனின் கணக்கை இந்தப் போனிலிருந்து எடுத்தால் கட்டத்தில் இருப்பதெல்லாம் போய்விடும் என்பதையும் சொன்னாள்.

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

“படம் புடிச்சு வெச்சுத் தரட்டுமா யாபா?”

“படத்துல வட்டம் சுத்துமா?”

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அங்க நோயாளிங்க காத்துக்கிட்டு இருக்காங்களா?”

“ஆமா.”

“அந்த உம்மு லுவாய்? ஊசியைப் பார்த்தா இவன் சட்டையைப் புடிச்சுக்கிட்டு ஊரைக் கூட்டுவாளாமே, அவளுமா?”

“அவங்களும்தான் யாபா.”

போனைத் திருப்பி அவளிடம் நீட்டினார். “நீயே எடு. எனக்குக் கண்ணாடி எங்கேன்னு தெரியல.” கண்ணாடி அவர் முகத்தில்தான் இருந்தது.

எடுத்தாள்.

கெண்டியோடு அவள் திரும்பி வருவதற்குள் ஹைதம் அழைத்தான். “நிக்குது தங்கச்சி. பூட்டல. ஒவ்வொருத்தரா கூப்பிட்டுக்கிட்டு இருக்கோம்.”

வாசலில் செருப்புச் சத்தம். நாலைந்து பேர் உள்ளே வந்தார்கள். அப்பா எழுந்து ஒவ்வொருவருக்கும் வலது கை கொடுத்தார். இடது கையில் போன். பெருவிரல் வெற்றுக் கட்டங்களை அடுத்த மாதத்துக்கும், அதற்கடுத்த மாதத்துக்கும் தள்ளிக்கொண்டிருந்தது.