முனீசுக்கு மட்டும் சொல்லாதீக

சவுந்தரம் செத்து நாலாம் நாள், அவளுக்கு உடம்பு தேற வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நான் அக்கினிச்சட்டி எடுத்தேன். அவள் போய்ச் சேர்ந்துவிட்டது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது, அழுகை அப்புறம்தான்.

எங்கள் ஊர் பரளச்சிக்குப் பக்கம். அவளும் நானும் ஒரே வருஷம், ஒரு மாத இடைவெளியில் இந்தத் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்தோம். நான் நரிக்குடிப் பக்கத்திலிருந்து, அவள் காரியாபட்டியிலிருந்து. அவள் வீட்டார் வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர். முப்பத்தோரு வருஷம் அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு நாங்கள் பேசாத பேச்சு இல்லை. அவள் வீட்டுக்காரர் சிலுவைமுத்து, இருந்தவரைக்கும் என் வீட்டுக்காரரை ‘மாப்ளே’ என்றுதான் கூப்பிடுவார். அதனால் அவள் பிள்ளைகள் பிரின்ஸுக்கும் ஏஞ்சலினுக்கும் நான் அத்தை.

வைகாசியில் மாரியம்மன் பொங்கலுக்குக் காப்புக் கட்டினால் எட்டு நாள் எங்கள் வீடுகளில் கவிச்சி கிடையாது. வேதக்கார வீடுகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, யாரும் கேட்கவும் மாட்டார்கள். ஆனால் சவுந்தரம் வீட்டில் அந்த எட்டு நாளும் கருவாட்டு வாசம்கூட வராது.

“ஒங்க தவக்காலம் நாப்பது நாளு, எங்களது எட்டு. ரெண்டுலயும் வாயக் கட்டுறியே, சாமியாராப் போகப் போறியாடி?” என்று கேலி பண்ணுவேன்.

“ஒன் மூக்கு எஞ்சட்டியிலதான இருக்கும். அதுக்குப் பயந்துதான்” என்பாள்.

நல்லவள்தான். ஆனால் கெட்ட செய்தியை மறைக்கிற குணம் அவளிடம் உண்டு. என் வீட்டுக்காரர் சுந்தரபாண்டி லோடு ஆட்டோ கவிழ்ந்து மதுரை ஆசுபத்திரியில் கிடந்தபோது, இருபத்திரண்டு நாள் என் பதினோரு ஆட்டையும் அவள்தான் மேய்த்தாள். அதில் ஒன்று பூச்சி கடித்துச் செத்துவிட்டது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? தன் ஆட்டில் அதே போல் கருப்பு ஒன்றைப் பிடித்து என் பட்டியில் கட்டிவிட்டு வாயைத் திறக்கவில்லை. என் ஆடு எனக்குத் தெரியாதா? வந்த அன்றைக்கே கண்டுபிடித்துச் சண்டை போட்டேன். “ஆசுபத்திரியில நிக்கிறவகிட்ட ஆடு செத்துச்சுன்னு சொல்லவா?” என்றாள். ஒரு வாரம் நான் அவளோடு பேசவில்லை. எட்டாம் நாள் அவளே சுவருக்கு மேல் குழம்புக் கிண்ணத்தை வைத்துவிட்டு, “பேசாட்டிப் போ, தின்னு” என்றாள்.

இந்த வருஷம் என் மகள் சுமதிக்குப் பிரசவம் சிக்கலாகி, தாயும் பிள்ளையும் பிழைக்க அக்கினிச்சட்டி எடுக்கிறேன் என்று அம்மனுக்கு நேர்ந்திருந்தேன். இரண்டு பேரும் பிழைத்து வந்தார்கள். பேரன் பிறந்து மூன்று மாதத்தில் பொங்கல் சாட்டினார்கள். செவ்வாய்க்கிழமை கையில் காப்புக் கட்டினேன். கட்டியவர்கள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, இழவு வீட்டுப் படி மிதிக்கக் கூடாது. வியாழக்கிழமை சவுந்தரத்துக்கு மூச்சு வாங்குகிறது என்று அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். காரில் ஏறும்போது, “நீ பத்திரமாச் சட்டி எடு. நான் ஞாயித்துக்கெழம வந்துருவேன்” என்றாள்.

தினமும் போன் போட்டேன். ஏஞ்சலின்தான் எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் குரல் கட்டிப்போயிருந்தது. சளி என்றாள். “அம்மா தூங்குது அத்தை.” திங்கள்கிழமையும் அம்மா தூங்கியது. செவ்வாய்க்கிழமையும் தூங்கியது. ஒரு மனுஷி இப்படியா தூங்குவாள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? ஊசி போட்டிருப்பார்கள் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

திங்கள்கிழமை காலையில் எங்கள் தெருப் பெண்கள் வேன் பிடித்து எங்கோ கிளம்பினார்கள். திருச்சுழியில் கல்யாணம் என்றார்கள். வைகாசி முகூர்த்தம், நம்பினேன். என் வீட்டுக்காரரும் ஆடு பார்க்கப் போகிறேன் என்று வெள்ளை வேட்டியில் போனார். ஆடு பார்க்க யாராவது வெள்ளை வேட்டி கட்டுவார்களா? மத்தியானம் போர் பம்பில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தார். நான் விரதம் இருப்பதால் சுத்தபத்தமாக வருகிறார் என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டேன். அன்றைக்கு வீட்டுக்குள்ளேயே வராமல் ஆட்டுப்பட்டியில் போய்ப் படுத்துக்கொண்டார். அதையும் பக்தி என்றே நினைத்தேன்.

புதன்கிழமை சட்டி எடுத்தேன். கோயில் வாசலில் இறக்குவதற்கு முன்னால், “தாயே, சுமதிக்கும் பிள்ளைக்கும் கொடுத்த உசுரை சவுந்தரத்துக்கும் குடு” என்று சத்தமாகவே கேட்டேன். பக்கத்தில் நின்ற எங்கள் தெருப் பெத்தம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்காக உருகுகிறாள் என்று நினைத்தேன்.

சாயங்காலம் காப்பை அவிழ்த்தார்கள். மறுநாள் விடியக்காலையிலேயே எழுந்து ஆட்டுக்கால் சூப்பு வைத்தேன். படுத்துக் கிடந்த உடம்புக்குத் தெம்பு வரட்டும் என்று மிளகு கூடப் போட்டுத் தூக்குச்சட்டியில் ஊற்றினேன்.

“எங்க கெளம்புற?” என்றார் சுந்தரபாண்டி.

“ஆசுபத்திரிக்கு.”

“உக்காரு.”

“ஏழரை பஸ்ஸு போயிரும்.”

“ஞாயித்துக்கெழமயே முடிஞ்சு போச்சு, முனீசு. திங்கக்கெழம அருப்புக்கோட்டையிலயே அடக்கம் பண்ணிட்டாக.”

தூக்குச்சட்டி எப்படி என் கையை விட்டுப் போனது என்று தெரியவில்லை. சூப்பு வாசல் வரைக்கும் ஓடியது. நான் அழவில்லை. அவரைத் திட்டினேன், வேனில் போனவர்களைத் தெருவில் நின்று பேர் சொல்லித் திட்டினேன். ஒருத்திகூட வெளியே வரவில்லை. “எல்லாரும் சேந்து என்னைய முட்டாளாக்கிட்டீகளே” என்று கத்தினேன்.

பத்து மணிக்குப் பிரின்ஸ் மொட்டைத் தலையோடு வந்தான். கண்ணீர் அஞ்சலி போஸ்டரைக்கூட ஊருக்குள் ஒட்டாமல் அருப்புக்கோட்டையோடு நிறுத்தியிருந்தான். அவனைப் பார்த்ததும் அடிக்கக் கை ஓங்கினேன். அவன் நகரவில்லை.

“அம்மாதான் சொல்லுச்சு அத்தை. ‘நான் போயிட்டா ஊருக்குக் கொண்டு போகாதீக, முனீசுக்கு மட்டும் சொல்லாதீக. சொன்னா காப்ப அத்தெறிஞ்சிட்டு அடுத்த பஸ்ஸுல வந்துருவா. நாளைக்கு அந்தப் பச்சப்பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் சாமி குத்தம்னு ஒக்காந்து அழுவா. அப்பெல்லாம் என் மூஞ்சிதான் அவளுக்கு நெனப்பு வரும். அப்பிடி அவ என்னைய நெனைக்க வேணாம்’னு சொல்லுச்சு.”

ஓங்கிய கை தானாக இறங்கியது.

“என்னைய அவ கேக்கவே இல்லையாடா?”

பிரின்ஸ் தரையைப் பார்த்தான். “சனிக்கெழம பூராம் கேட்டுச்சு அத்தை. ‘முனீசு வந்துட்டாளா, முனீசு வந்துட்டாளா’ன்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. கூப்பிடவாம்மான்னு நான் போன எடுத்தா, எங்கையப் பிடிச்சிக்கிட்டு வேணாம்னுருச்சு.”

அவனை விட்டுவிட்டு உள்ளே போய் அழுதேன்.

சொல்லியிருந்தால் நான் போயிருப்பேன். காப்பை அறுத்தெறிந்துவிட்டுத்தான் போயிருப்பேன். அதற்கப்புறம் பேரன் தும்மினால்கூடப் பயந்து செத்திருப்பேன், ஒவ்வொரு தடவையும் அவளை நொந்திருப்பேன். என் புத்தி அப்படி. அது அவளுக்குத் தெரியும். தெரிந்ததால் என்னைப் பார்க்காமலேயே செத்துப்போனாள்.